கத்திரி வெயிலில் கத்தரிக்கோல் எங்கே இருக்கு?

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு 74 வயது. கொடும்பாளூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொல்லையில் வேலி பிரிந்து கிடக்குது, ஆடு புகுந்துடும்னு சொல்லிட்டு காலை பத்து மணிக்குக் கிளம்பினார். அம்மா தடுத்திருக்கிறார். அதற்கு அப்பா சொன்ன பதில் இதுதான்: "கத்திரி பொறக்க இன்னும் எட்டு நாள் கெடக்கு. இப்ப என்ன வெயிலு?"

ஒரு மணி வாக்கில் பக்கத்துக் கொல்லைக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அப்பாவை வேப்பமரத்தடியில் கண்டுபிடித்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்திருக்கிறது, ஆனால் வேர்வை இல்லை. பேச்சு குழறல். மாமாவுக்கு என்ன தோன்றியதோ, மோட்டார் தண்ணியைத் திறந்து அப்பாவை அப்படியே வாய்க்காலில் படுக்க வைத்துவிட்டார். அதுதான் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கத்திரிக்கு முன்னாடியே இப்படி அடிக்குதேப்பா" என்று பஞ்சாங்கத்தின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்த கேள்வியிலிருந்துதான் இந்தக் குறிப்புகள் ஆரம்பித்தன. கத்திரி என்றால் என்ன? அதை ஏன் கத்திரி என்கிறோம்? நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வார்த்தை. இதற்கு முன் ஒரு அக்டோபர் மாதம், அமெரிக்காவிலிருந்து பேசிய டீம் நண்பர், அங்கே குளிருக்கு நடுவில் திடீரென்று வரும் வெதுவெதுப்பான நாட்களை 'இந்தியன் சம்மர்' என்று சொல்லிவிட்டு, உங்க ஊரில் இந்த மாதிரி பெயர் உண்டா என்று கேட்டார். கத்திரி வெயிலைச் சொன்னேன். "ஓ, கத்தரிக்கோலா, ஏன்?" என்றார். பதில் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. 'இந்தியன் சம்மர்' ஏன் அப்படி ஆனது என்பது அவர்களுக்கும் தெரியாது. 1778இல் கிரெவ்கூர் எழுதியதில் அந்தச் சொல் வருகிறது, அதன் தோற்றம் பற்றி இன்றும் ஊகங்கள்தான். நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்மிடம் இந்தப் பருவத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. காலண்டரிலும் செய்தியிலும் 'அக்னி நட்சத்திரம்'. வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில் 'கத்திரி'. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறோம். ஆனால் இரண்டுக்கும் பிறந்த கதை வேறு வேறாக இருக்கலாம். சுலபமானதிலிருந்து தொடங்குகிறேன்.

பஞ்சாங்கக் கணக்கு என்ன? சூரியன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் நுழையும்போது அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கிருத்திகை நான்கு பாதங்களையும் கடந்து, ரோகிணி முதல் பாதத்தைத் தாண்டும்போது முடிவு. பரணியில் 2, கிருத்திகையில் 4, ரோகிணியில் 1. ஆக 7 பாதம். ஒரு பாதம் என்பது 3 பாகை 20 கலை. ஏழும் சேர்ந்தால் 23 பாகை 20 கலை. மே மாதத்தில் சூரியன் ஒரு நாளைக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகத்தான் நகரும். வகுத்துப் பாருங்கள், 24 நாள் சொச்சம் வரும். மேஷத்தின் தொடக்கத்திலிருந்து பரணி மூன்றாம் பாதம் சரியாக 20 பாகை தள்ளி இருக்கிறது. அதாவது சித்திரை 21. மே 4 முதல் மே 28 வரை என்று வருஷா வருஷம் தினத்தாளில் வருவதன் ரகசியம் இவ்வளவுதான். பைத்தானில் பத்து வரி.

இந்தப் பத்து வரியில் வெப்பநிலை எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? காற்று இல்லை, ஈரப்பதம் இல்லை, மேகம் இல்லை. வானத்தில் சூரியன் எந்த முகவரியில் இருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கிறது.

அந்த முகவரியின் பெயர்தான் அக்னி நட்சத்திரம். நான் பல வருஷமாக, வெயில் நெருப்பாக அடிப்பதால் இந்தப் பெயர் என்றே நினைத்திருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. வேத மரபில் 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு தேவதை உண்டு. கிருத்திகைக்கு உரிய தேவதை அக்னி. அதனால் கிருத்திகைக்கே அக்னி நட்சத்திரம் என்று பெயர். சூரியன் பொங்கலன்று அங்கே இருந்திருந்தாலும் அதன் பெயர் அக்னி நட்சத்திரம்தான்.

தமிழிலும் இது பழைய விஷயம். கிருத்திகைக்குச் சங்கத் தமிழில் ஆரல் என்று ஒரு பெயர், அழல் என்று இன்னொரு பெயர். புறநானூற்றின் 229ஆம் பாட்டில், விண்மீன் விழுந்ததைக் கண்டு அரசனின் முடிவை அஞ்சும் இடத்தில், இந்த அழல் வருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளைச் சொல்லும்போது, ஆடி மாதம், தேய்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அழல் சேர்ந்த நாள் என்று குறிப்பு வருகிறது. மதுரையை எரித்த நாளுக்கு நெருப்பு மீன்! இளங்கோ இதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் இங்கே அழல் என்பது அன்றைக்கு நிலவு நின்ற இடம். சூரியன் நின்ற இடம் அல்ல. பருவத்தின் பெயரும் அல்ல. 'நெருப்பு மீன்' நம்மிடம் அப்போதே இருந்தது. அது கோடையின் பெயராக அப்போது ஆகவில்லை.

இதே சிலப்பதிகாரத்தில் எங்கள் ஊரும் வருகிறது. காடுகாண் காதை. உறையூர்ப் பக்கம் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மாங்காட்டு மறையவனைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு வழி கேட்டதும் அவன் முதலில் வழி சொல்லவில்லை, இந்த வெயிலிலா ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று ஆரம்பிக்கிறான். கோடையும் சூரியனும் சேர்ந்து வாட்டும்போது முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகிவிடும் என்று சொல்வது இங்கேதான். ஐந்திணை பற்றிப் பேசும் யாரும் தவறாமல் காட்டும் இடம். அதற்குப் பிறகுதான் வழி சொல்கிறான்: கொடும்பை, நெடுங்குளம், அங்கே ஏரிக்கரையில் சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் பாதை. கொடும்பை என்பது கொடும்பாளூர்தான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை விராலிமலை தாண்டி இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது.

ஆக, தமிழ் இலக்கியத்தில் கோடை வெயிலைப் பற்றிய மிகப் பிரபலமான விளக்கம், அப்பா விழுந்து கிடந்த அதே வட்டாரத்துக்குள் நுழையப் போகிறவர்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. அதில் கத்திரியும் இல்லை, அக்னி நட்சத்திரமும் இல்லை. வேனில், வெயிலின் வேந்தன், பாலை. அவ்வளவே. நிலத்தின் நிலையைப் பார்த்துப் பேசுகிறான், தேதியைப் பார்த்து அல்ல. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த ஆளு வெவரமான ஆளு" என்றார்.

இனி கடினமானது. கத்திரி.

எங்கள் அப்பாயி சொன்ன விளக்கம் முதலில். காண்டவ வனத்தை அக்னி பகவான் தின்ற 21 நாள்தான் கத்திரி. அர்ச்சுனன் அம்பால் கூரை போட்டு மழையைத் தடுத்தானாம். நல்ல கதை. ஆனால் கதை 21 என்கிறது, பஞ்சாங்கம் 24 நாளுக்கு மேல் சொல்கிறது. தவிர, கத்திரி என்ற வார்த்தைக்குக் கதையில் இடமே இல்லை. 'அக்னி' என்ற பெயர் வந்த பிறகு அதற்கு ஒட்டவைத்த கதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, வெயில் கத்தரிக்கோல் மாதிரி உடம்பை வெட்டுகிறது, அதனால் கத்திரி. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் வெயில் 'சுடும்', 'கொளுத்தும்', 'காயும்', 'தகிக்கும்', 'மண்டையைப் பிளக்கும்'. 'வெட்டும்' என்று யார் சொல்கிறார்கள்? மூன்றாவது, கத்திரிக்காய் நன்றாகக் காய்க்கும் காலம் என்று ஒருவர் என்னிடம் தீவிரமாகச் சொன்னார். எங்கள் அம்மா சிரித்துவிட்டார். அத்தோடு அதை விட்டுவிடலாம். நான்காவது, கிருத்திகைதான் பேச்சு வழக்கில் கத்திரியாகத் திரிந்தது. பொருள் பொருந்துகிறது, ஒலி பொருந்தவில்லை. மாதா மாதம் கிருத்திகை விரதம் இருக்கும் ஊர் இது. அந்தக் கிருத்திகையைக் 'கிருத்தி' என்று சுருக்குவார்கள், கத்திரி என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒரே வார்த்தை ஒரு வேலைக்கு மட்டும் திரிந்து, இன்னொரு வேலைக்குத் திரியாமல் இருக்குமா?

எனக்குத் திறவுகோல் கிடைத்தது தெலுங்குப் பஞ்சாங்கத்தில். ஹைதராபாத்தில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் மே 4 வாக்கில் 'டொல்லு கர்த்தரி ஆரம்பம்' என்றும், ஒரு வாரம் கழித்து 'நிஜ கர்த்தரி ஆரம்பம்' என்றும், மே கடைசியில் கர்த்தரி முடிவு என்றும் போட்டிருக்கும். அன்றைக்கு இதைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் டொல்லு கர்த்தரி என்பது சூரியன் பரணியின் பின்பாதியில் இருக்கும் நாட்கள். நிஜ கர்த்தரி தொடங்குவது கிருத்திகையில். நம்முடைய கத்திரியேதான், தேதிகூட மாறவில்லை. அவர்கள் முதல் ஒரு வாரத்தைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கர்த்தரியில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், கிணறு வெட்ட மாட்டார்கள், மரம் வெட்ட மாட்டார்கள். இங்கேயும் அதேதான்.

கர்த்தரி என்பது வடமொழியில் கத்தரிக்கோல், வெட்டும் கருவி. பிராகிருதத்தில் அது கத்தரீ. தமிழில் கத்தரி, கத்திரி. நம் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கும் கத்திரியும் அதே வார்த்தைதான். ஆக, 'கத்திரி வெயில் என்பதில் இருப்பது கத்தரிக்கோலா' என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிகள் சொன்னது சரி. ஆனால் அந்தக் கத்தரிக்கோல் வெயிலின் கையில் இல்லை, பஞ்சாங்கத்தின் கையில் இருக்கிறது.

அப்புறம் பஞ்சாங்கத்துக்கு எதற்குக் கத்தரிக்கோல்? இங்கேதான் பாதை கொடும்பை ஏரிக்கரை மாதிரி பிரிகிறது. ஒரு வழி: கிருத்திகையின் அடையாளமே சவரக்கத்தி. நட்சத்திர உருவங்களைச் சொல்லும் நூல்களில் கிருத்திகையைக் கத்தி வடிவம் என்பார்கள். கிருத்திகை என்ற பெயரையே 'வெட்டு' என்ற பொருள் தரும் வேரோடு மரபு இலக்கணக்காரர்கள் சேர்க்கிறார்கள். கர்த்தரிக்கும் அதே வேர். அப்படியானால் கர்த்தரி என்பது கிருத்திகைக்கு ஒரு மறுபெயர் மாதிரி, உள்ளுக்குள்ளே ஒரு சொல்விளையாட்டு. இன்னொரு வழி: ஜோதிடத்தில் ஒரு கிரகத்தின் இரண்டு பக்கமும் பாவ கிரகங்கள் நின்றால் பாபகர்த்தரி என்பார்கள். கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலை. கிருத்திகைக்கு முன்னால் பரணியில் ஒரு துண்டு, பின்னால் ரோகிணியில் ஒரு துண்டு, நடுவில் அக்னி. உருவம் பொருந்தத்தான் செய்கிறது. மூன்றாவது ஒரு வழியும் உண்டு: வெட்டக் கூடாத காலம் என்பதால் வெட்டும் கருவியின் பெயர். மரத்தில் கத்தி வைக்காதே, மண்ணில் கடப்பாரை வைக்காதே.

எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்ததா, இரண்டுக்கும் பொதுவான பஞ்சாங்க மரபிலிருந்து தனித்தனியாக இறங்கியதா என்பதும் திறந்த கேள்விதான். நாயக்கர் காலத்தில் தெலுங்குப் பஞ்சாங்கக்காரர்கள் இங்கே வந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசையாக இருக்கும். தமிழ்நாட்டில் எதற்கு விடை தெரியாவிட்டாலும் நாயக்கர் காலம் என்று எழுதிவிடுவது நம் வழக்கம், நானே செய்திருக்கிறேன். இங்கே செய்யப் போவதில்லை.

கோயில் வழக்கங்கள் ஒரு சிறு துப்பு தருகின்றன. பழனியில் சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் அதிகாலையிலும் மாலையிலும் மக்கள் கிரிவலம் வருவார்கள். சித்திரைக் கழுவு, வைகாசிக் கழுவு என்று பெயர். அதுவும் அக்னி நட்சத்திர விழாதான். ஆனால் 24 நாள் இல்லை, 14 நாள். சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறக்குறைய அதே 14 நாள். தெலுங்கில் ஒரு வாரத்தை 'டொல்லு' என்று ஒதுக்குவதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காலத்தில் கிருத்திகை மட்டும்தான் அசல் சரக்கு, முன்னும் பின்னும் பிற்பாடு ஒட்டியவை என்று தோன்றுகிறது. திருவண்ணாமலையில் கணக்கு வேறு. அங்கே அக்னி நட்சத்திரம் முழுவதும் லிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டி நீர் சொட்ட விடுகிறார்கள்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

நம் பஞ்சாங்க ஆண்டு, பருவங்கள் ஓடும் ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் சித்திரை 1 பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. இன்றைக்கு ஏப்ரல் 14. ஆயிரம் வருஷம் முன்னால், இன்றைய காலண்டரில் சொன்னால், மார்ச் கடைசி. அப்படியானால் கத்திரியும் தள்ளிக்கொண்டே போகிறது. ஸ்கிரிப்டை ஓட்டினேன். கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி தனக்கும் கற்றளி, வரகுணை என்ற இரண்டு தேவியருக்குமாக மூவர் கோயில் எடுத்த காலம் 9ஆம் நூற்றாண்டா 10ஆம் நூற்றாண்டா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. 950 என்று வைத்தேன். அன்று சித்திரை 21 என்பது இன்றைய கணக்கில் ஏப்ரல் 17 வாக்கில் விழுகிறது.

கொடும்பாளூர் இருப்பது பத்தரை பாகை அட்சரேகையில். சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் இங்கே ஏப்ரல் 18 வாக்கில் வரும். அதாவது இருக்குவேளிர் காலத்தில், கத்திரி பிறக்கும் நாளும் மூவர் கோயில் விமானத்தின் நிழல் அதன் காலடிக்குள் அடங்கும் நாளும் ஒன்று! இரவு இரண்டு மணிக்கு இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

காலையில் காப்பி குடித்துவிட்டு, அதே ஸ்கிரிப்டில் ஊரை மாற்றினேன். இன்றைய கணக்கில் சூரியன் ரோகிணியில் நுழைவது மே 25. வட இந்தியாவில் அன்றிலிருந்து ஒன்பது நாளை நௌதபா என்பார்கள், அவர்களுடைய கத்திரி. நாக்பூரில் நிழலில்லா நாள் எது? மே 26. ஆஹா. பிறகு நூற்றாண்டை மாற்றினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிருத்திகைப் பிரவேசம் ஏப்ரல் 24 வாக்கில். இன்றைக்குச் சென்னையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 24. மறுபடியும் ஆஹா. அப்போதுதான் உறைத்தது. நூற்றாண்டு ஒரு குமிழ், அட்சரேகை ஒரு குமிழ். இரண்டையும் இஷ்டத்துக்குத் திருகினால் எந்த ஊரையும் எந்த நட்சத்திரத்தோடும் பொருத்தலாம். ஆபீசில் ஜூனியர் பசங்க மாடலில் இதைச் செய்தால் நானே திட்டுவேன். மூவர் கோயிலில் வடமொழியில், கிரந்த எழுத்தில், அந்தப் புகழ்பெற்ற வம்சாவளிக் கல்வெட்டு இருக்கிறது. அது அரசர்களைச் சொல்கிறது, போர்களைச் சொல்கிறது. கத்திரியைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் செய்தியை அழித்தேன். அதற்குள் இரண்டு பேர் ஃபார்வர்டு செய்துவிட்டார்கள். எங்கேயாவது 'மூவர் கோயிலின் அக்னி நட்சத்திர ரகசியம்' என்று பார்த்தால், அதற்குக் காரணம் நான்தான், மன்னிக்கவும்.

ஆனால் அந்தத் தள்ளாட்டம் மட்டும் உண்மை. அது ஒரு பழைய குழப்பத்தைத் தீர்க்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: சித்திரை, வைகாசி இளவேனில்; ஆனி, ஆடி முதுவேனில். எங்கள் வாத்தியாரிடம் நான் கேட்டிருக்கிறேன், "ஐயா, கத்திரி வர்ற சித்திரை வைகாசி எப்படிய்யா இளவேனில்?" என்று. கொட்டு வாங்கினேன். இப்போது பதில் சொல்ல முடியும். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் சித்திரை பிறந்தது இன்றைய மார்ச் 20ஐ ஒட்டி. அந்தச் சித்திரை இதமாக இருந்திருக்கும். ஆனி பிறந்தது மே இருபது வாக்கில். மாதப் பெயர்கள் பருவத்தை விட்டு நழுவிவிட்டன, பாடப்புத்தகம் நழுவவில்லை.

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை போடும் காட்சி வரும். இரண்டு கோல் நட்டு, உச்சிப்பொழுதில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நாளில் திசை குறித்துக் கயிறு பிடிக்கிறார்கள். உரையெழுதிய நச்சினார்க்கினியர் அதைச் சித்திரையின் நடுப் பத்து நாள் என்கிறார். இன்றைய மதுரையில் நிழலில்லா நாள் சித்திரை 3ஐ ஒட்டி வந்துவிடுகிறது, நடுப் பத்தில் இல்லை. அவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். அந்த நூற்றாண்டுக்குக் கணக்கைத் தள்ளினால் சித்திரை 12, 14 என்று வருகிறது. நடுப் பத்துக்குள்ளேயே. இங்கே நான் குமிழைத் திருகவில்லை, ஊரும் காலமும் அவரே தந்தவை. இன்னொன்று, வெயில் உச்சியில் நிற்கும் நாளைத் தேடிப் பிடித்து மனை போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் கொத்தனார், "கத்திரியில அஸ்திவாரம் ஆகாதுங்க" என்று மே மாதம் முழுக்கச் சம்மட்டியைத் தொட மாட்டார். காரணம் கேட்டால் தோஷம் என்பார். கொஞ்சம் நேரம் கழித்து, "தண்ணியும் இருக்காது, சிமெண்டும் வெடிக்கும்" என்பார்.

நட்சத்திரத்தை வைத்து வெயிலுக்குப் பெயர் வைத்தது நாம் மட்டும் இல்லை. கிரேக்கரும் ரோமரும் சிரியஸ் என்ற நாய் மீன் சூரியனோடு சேர்ந்து உதிக்கும் நாட்களை வைத்து 'நாய் நாட்கள்' என்றார்கள். ஐரோப்பாவில் இன்றும் அந்தப் பெயர் ஓடுகிறது. மீன் நகர்ந்துவிட்டது, பெயர் நிற்கிறது. அங்கேயும் நாய்க்கு நாக்குத் தள்ளும் வெயில் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நம் கத்தரிக்கோல் விளக்கத்துக்குச் சொந்த அண்ணன்.

பெயர் வெயிலைச் சொல்லவில்லை, வெயிலும் பெயருக்குக் கட்டுப்படுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி. நாள் 2003 மே 31. கத்திரி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, கடல் காற்றை நகருக்குள் விடாமல் நிறுத்தினால் சென்னை அப்படிக் கொதிக்கும். அந்தக் காற்றுக்குக் கிருத்திகையும் தெரியாது, ரோகிணியும் தெரியாது. 2024இல் தலைகீழ். ஏப்ரல் கடைசி வாரத்தில் உள்மாவட்டங்களுக்கு வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தது. மே நடுவில், கத்திரியின் நட்ட நடுவில், கனமழை எச்சரிக்கை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி திண்ணையில் உட்கார்ந்து அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானிலை மையம் சமவெளியில் 40 டிகிரியைத் தாண்டுவதையும் வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுவதையும் பார்த்து வெப்ப அலை என்கிறது. மாங்காட்டு மறையவன் முறையும் அதுவே, முல்லை பாலையாகிவிட்டதா என்று பார்ப்பது.

இந்த வருஷம் மார்ச்சில் ஊருக்குப் போனபோது திண்ணைத் தூணில் ஒரு வெப்பமானி மாட்டினேன். ஈரப்பதமும் காட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. 38க்கு மேல் போனால் கொல்லைக்குப் போகக் கூடாது என்று அப்பாவிடம் பேச்சு. சித்திரை பிறந்த வாரத்தில் போன் செய்தேன்.

"என்னப்பா, எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தொம்பதுப்பா."

"வீட்டிலதான இருக்கீங்க?"

"வீட்டிலதான் இருக்கேன். ஆனா கத்திரி இன்னும் பொறக்கல, பாத்துக்க."